வாகன விலையும் மலையக வாழ்க்கைச் செலவும்

ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கைத் தரத்தை அளவிடுவதற்குப் பொருளியல் அறிஞர்கள் பல்வேறு அளவுகோல்களைக் கையாளுகின்றனர். தலா வருமானம், வறுமைக் கோடு, பணவீக்கம் என்றெல்லாம் அவர்கள் கூறும் கணக்குகளுக்குள் சாதாரண மக்கள் நுழைவதில்லை. வீட்டு வாசலில் வாகனம் நிற்கின்றதா, இல்லையா என்பதே பெரும்பாலானோரது அளவுகோலாக இருந்து வருகின்றது. திருமணப் பேச்சிலிருந்து வங்கிக் கடன் வரை இந்த அளவுகோல் செல்லுபடியாவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம்.

ஊவா மாகாணத்தைச் சேர்ந்த தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு வெளிநாட்டில் உறவினர்கள் உள்ளனர். ஒருவர் டுபாயில் இருப்பார். மற்றொருவர் ரியாதில் இருப்பார். தாயகம் திரும்பிய பெரியப்பாவின் பிள்ளைகள் கூடலூரிலோ கோவையிலோ இருப்பர். டுபாயில் சாரதி வேலை பார்க்கும் தம்பி பழைய கார் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கின்றார். கோவையில் தனியார் நிறுவனமொன்றில் எழுதுவினைஞராக இருக்கும் மைத்துனர் தவணை முறையில் புதிய கார் வாங்கி விட்டார். ஹாலிஎலவில் இருபது ஆண்டுகளாக ஆசிரியராகக் கடமையாற்றுபவருக்கோ அது எட்டாக்கனியாகவே உள்ளது. இது ஏன் என்ற கேள்வி இயல்பாகவே எழுகின்றது. இந்தியா முன்னேறி விட்டது, நாம் பின்தங்கி விட்டோம் என்று ஒரே வரியில் பதில் கூறி விடுவது சுலபம். ஆயின் உண்மை அவ்வளவு எளிமையானதன்று. அதனைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையதாகும்.

முதலில் விலையைக் கவனிப்போம். 2025 செப்டெம்பர் 22 ஆம் திகதி இந்தியாவில் சிறிய கார்களுக்கான பொருட்கள் சேவை வரி 28 வீதத்திலிருந்து 18 வீதமாகக் குறைக்கப்பட்டது. அதனையடுத்து மாருதி சுசுகி நிறுவனத்தின் வெகன் ஆர் காரின் ஆரம்ப விலை ஐந்து இலட்சம் இந்திய ரூபாவுக்குச் சற்றுக் கீழே இறங்கியது. அப்போதைய நாணய மாற்று வீதப்படி இது ஏறத்தாழ 17 இலட்சம் இலங்கை ரூபா ஆகும். பதிவுக் கட்டணம், வீதி வரி, காப்புறுதி ஆகியன இதனுடன் சேரும். அதே பெயரைத் தாங்கி ஜப்பானிலிருந்து இங்கு வரும் கார், இறக்குமதித் தடை நீங்கிய 2025 ஆம் ஆண்டில் நமது சந்தையில் 70 இலட்சம் ரூபாவை அண்டிய விலைக்கு விற்பனையானது. இரண்டும் ஒரே இயந்திரத்தைக் கொண்டவை அல்ல என்பது உண்மையே. எனினும் இரண்டும் சிறிய குடும்பம் ஒன்றுக்கான கார்களே. ஒன்றின் விலை மற்றொன்றின் விலையைவிட நான்கு மடங்கு.

விலையை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிடுவது நியாயமாகாது. வருமானத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இதற்கு உழைப்பு நாட்களின் எண்ணிக்கையை அளவாகக் கொள்வது பொருத்தமாக இருக்கும். 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து 1550 ரூபாவாக உயர்த்தவும், வருகைக்கான ஊக்குவிப்பாக 200 ரூபாவை அரசாங்கம் வழங்கவும் முன்மொழியப்பட்டது. இரண்டும் சேர்ந்த 1750 ரூபாவையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் கிராமப்புற வேலை உறுதித் திட்டத்தின் கீழ் 2025-26 ஆம் ஆண்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 336 இந்திய ரூபா. இரு இடங்களிலும் உழைப்போர் வரிசையில் கீழ்ப்படியில் நிற்பவரின் கூலி என்ற வகையில் இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

பன்னிரண்டரை கிலோ சமையல் எரிவாயுச் சிலிண்டர் ஒன்றின் விலை 2025 இல் கொழும்பில் 3690 ரூபாவாக இருந்தது. நமது தொழிலாளிக்கு அது இரண்டு நாள் உழைப்புக்குச் சற்று அதிகம். அதே ஆண்டில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டருக்கு ஏறத்தாழ 870 இந்திய ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. அங்குள்ள தொழிலாளிக்கு அது இரண்டரை நாள் உழைப்பு. அடுப்பெரிக்கும் செலவில் இரு நாடுகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்பது இதிலிருந்து தெளிவாகின்றது. இனிக் காரின் விலையை இவ்வாறே கணக்கிட்டால், தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு ஏறத்தாழ 1500 நாள் உழைப்பு தேவைப்படும். நமது தோட்டத் தொழிலாளிக்கோ 4000 நாள் உழைப்பு தேவைப்படும். மாதம் 25 நாள் வேலை கிடைப்பதாகக் கொண்டாலும், உண்ணாமல் உடுக்காமல் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைத்தாக வேண்டும். எரிவாயுவில் இல்லாத இடைவெளி வாகனத்தில் மட்டும் ஏன் வருகின்றது? நாட்டின் பொதுவான வறுமை இதற்குக் காரணமாயின் அது எல்லாப் பொருட்களிலும் தெரிய வேண்டும். வாகனத்தில் மட்டும் அது தெரிவதற்குக் காரணம் வரியே ஆகும்.

இலங்கையில் இறக்குமதியாகும் கார் ஒன்றுக்குச் சுங்க வரி, அதன் மீதான மேலதிக வரி, இயந்திரத்தின் கொள்ளளவைக் கொண்டு கணிக்கப்படும் உற்பத்தி வரி, பெறுமதி குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் சொகுசு வரி ஆகியன விதிக்கப்படுகின்றன. இவற்றுள் பல சேர்ந்த தொகையின் மீது 18 வீதப் பெறுமதி சேர் வரி அறவிடப்படுகின்றது. வரியின் மேல் வரி என்று மக்கள் கூறுவது மிகையன்று. பல சிறிய கார்களின் விலையில் வாகனத்தின் பெறுமதியைக் காட்டிலும் வரியின் பங்கே அதிகம். இந்தியாவில் கார்கள் உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யப்படுகின்றன. அங்கு கார் வாங்குபவர் செலுத்தும் பணத்தில் பெரும் பகுதி தொழிற்சாலைகளுக்கும் தொழிலாளருக்கும் சென்று சேர்கின்றது. நமது நாட்டில் ஒரு பகுதி டொலராக வெளியேறுகின்றது. எஞ்சிய பகுதி திறைசேரிக்குச் செல்கின்றது.

இந்த வரிக்கு அரசாங்கங்கள் கூறும் நியாயத்தையும் நாம் புறக்கணிக்க முடியாது. 2020 மார்ச்சில் கொவிட் தொற்று பரவத் தொடங்கிய வேளையில், அந்நியச் செலாவணியைப் பாதுகாக்கும் பொருட்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலையை அடைந்தது. டொலர் ஒன்றின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவை எட்டியது. எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், பின்னர் கியூ ஆர் முறையில் வாராந்தப் பங்கீடு பெற்றதையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சர்வதேச நாணய நிதியத்தின் உதவியுடன் நிலைமை சீரடைந்த பின்னர், 2024 டிசெம்பரில் பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கும் 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறக்கப்பட்டது. அரசாங்கத்துக்கு வருமானம் தேவை. அதே வேளை டொலர் கட்டுக்கடங்காமல் வெளியேறவும் கூடாது. இவ்விரு நோக்கங்களுக்கும் உயர்ந்த வரியே கருவியாகக் கொள்ளப்பட்டது. அவ்வளவு வரி விதித்தும், 2025 ஆம் ஆண்டு முடிவதற்குள்ளேயே வாகன இறக்குமதிச் செலவு நூறு கோடி டொலரைத் தாண்டிச் சென்றது.

அந்தத் தொகையின் பருமனை உணர்வதற்கு மற்றொரு கணக்கை அருகில் வைக்கலாம். 2024 ஆம் ஆண்டு முழுவதும் தேயிலை ஏற்றுமதியால் நாடு ஈட்டியது ஏறத்தாழ 140 கோடி டொலர். அதே ஆண்டில் வெளிநாடுகளில் தொழில் புரிவோர் அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கு மேல். ஊவாவின் மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணும், குவைத்தில் பிறர் வீட்டில் பணி புரியும் பெண்ணும் ஈட்டித் தரும் டொலரே கொழும்பின் வீதிகளில் புதிய கார்களாக ஓடுகின்றது. அவர்களுக்கு அந்தக் கார்களில் பங்கு இல்லை என்பதை நாம் முறைப்பாடாகக் கூற வரவில்லை. அவர்கள் ஈட்டித் தந்த செலாவணியால் கிடைத்த வாகன வரியில் அவர்களுக்கு உரிய பங்கு கிடைத்துள்ளதா என்பதே எமது வினா. அதற்கு விடை காணுமுன் ஏனைய நாடுகளின் அனுபவத்தைச் சற்று நோக்குவோம்.

இந்தியாவுக்குள்ளேயே மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறுபடுகின்றது. 2019-21 காலப்பகுதியில் நடத்தப்பட்ட அந்நாட்டின் ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நூற்றுக்கு 7.5 குடும்பங்களிடமே கார் இருந்தது. கோவாவில் இது 45 வீதத்தைத் தாண்டியிருந்தது. கேரளத்தில் 24 வீதமாகவும், பீகாரில் 2 வீதமாகவும் இருந்தது. தமிழ்நாட்டின் நிலைமையோ வியப்பளிப்பதாகும். 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகும் இருங்காட்டுக்கோட்டையும், பல வாகனத் தொழிற்சாலைகளைக் கொண்ட ஒரகடமும் அந்த மாநிலத்திலேயே உள்ளன. இந்தியாவின் முன்னணித் தொழில் மாநிலங்களுள் ஒன்றாக அது விளங்குகின்றது. இருந்தும் அங்கு நூற்றுக்கு 6.5 குடும்பங்களிடமே கார் இருந்தது. வளைகுடாப் பணம் பாய்ந்த கேரளத்தைவிட இது மிகக் குறைவு. இதை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு மக்கள் கேரள மக்களைவிட நான்கு மடங்கு வறியவர்கள் என்று கூற முடியுமா? முடியாது. மோட்டார் சைக்கிளின் பெருக்கமும், கிராமத்துக்குக் கிராமம் செல்லும் அரசு பஸ்களும் அங்கு காரின் தேவையைக் குறைத்துள்ளன என்பதே சரியான விளக்கமாகும்.

வளைகுடா நாடுகளில் நிலைமை வேறு. ஐக்கிய அரபு இராச்சியத்தில் காருக்கான சுங்க வரி 5 வீதம். 2018 இல் அறிமுகமான பெறுமதி சேர் வரியும் 5 வீதமே. எனவேதான் அங்கு தொழில் புரியும் நமது சகோதரர் ஒருவர் சில மாதச் சேமிப்பில் பழைய கார் ஒன்றை வாங்க முடிகின்றது. ஆயினும் அந்த வெயிலில், பரந்து விரிந்த நகரங்களில், கார் இல்லாமல் வேலைக்குச் செல்வதும் கடினம். அதே வேளை வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணமும் அங்கு குடும்பத்தை அழுத்துவதால், காரை வைத்துக்கொண்டு மனைவி மக்களை ஊரில் விட்டிருப்போர் பலர். கார் மலிவு என்பதால் வாழ்க்கை மலிவு என்று ஆகிவிடாது.

சிங்கப்பூர் இதற்கு நேர்மாறானது. கார் வாங்குவதற்கு முன்னர், பத்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் உரிமைச் சான்றிதழ் ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும் என்ற நடைமுறை அங்கு 1990 இல் கொண்டுவரப்பட்டது. சிறிய கார்களுக்கான அந்தச் சான்றிதழின் விலையே 2025 இல் ஒரு இலட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. உலகிலேயே கார் வாங்குவதற்கு மிகவும் செலவு பிடிக்கும் நாடுகளுள் ஒன்று சிங்கப்பூர். ஆயினும் கார் இல்லாத சிங்கப்பூர்க் குடும்பம் தன்னை வறிய குடும்பம் என்று கருதுவதில்லை. வீட்டிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் ரயில் நிலையமோ பஸ் தரிப்பிடமோ உண்டு. நேரம் தவறாமல் வண்டி வரும். அரசாங்கம் ஒரு கையால் காரைத் தடுத்தது. மறு கையால் ரயிலையும் பஸ்ஸையும் கொடுத்தது.

இந்த நாடுகளின் அனுபவம் நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. கார் வைத்திருப்போரின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு மக்களின் நலனை அளவிட முடியாது. கார் இல்லாத ஒருவர் வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு செலவில் சென்று வர முடிகின்றது என்பதே சரியான அளவுகோல். வளைகுடா, காரை மலிவாக்கி மக்களைக் கொண்டு செல்கின்றது. சிங்கப்பூர், காரை விலையேற்றிப் பொதுப் போக்குவரத்தால் கொண்டு செல்கின்றது. இலங்கை சிங்கப்பூரைப் போன்று காரை விலையேற்றியுள்ளது. ஆனால் சிங்கப்பூரைப் போன்று பஸ்ஸைக் கொடுத்துள்ளதா?

இக்கேள்விக்கான விடையை ஹாலிஎலவில் நின்று பார்த்தால் தெளிவாகக் காணலாம். போக்குவரத்து வரைபடத்தில் ஹாலிஎல பின்தங்கிய இடமன்று. பேராதனையிலிருந்து பதுளை ஊடாகச் செங்கலடி செல்லும் ஏ 5 வீதியும், பெரகலையிலிருந்து வரும் ஏ 16 வீதியும் சந்திக்கும் இடம் அது. கொழும்பு - பதுளை ரயில் பாதையில் பதுளைக்கு முந்திய நிலையமும் அதுவே. 1924 இல் பதுளை வரை ரயில் பாதை கொண்டுவரப்பட்டதில் தேயிலைக்குப் பெரும் பங்குண்டு. ஊவாவின் தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்க்கும் வழி அன்றே சீராக அமைக்கப்பட்டு விட்டது. தேயிலையைப் பறிப்பவர் தமது லயனிலிருந்து பிரதான வீதிக்கு வருவதற்கான வழி, நூறாண்டுகள் கடந்தும் பல இடங்களில் சீராக அமையவில்லை.

இதற்கு ஒரு சட்டக் காரணமும் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் ஏற்பாடு காரணமாக, பிரதேச சபை தனது நிதியைத் தோட்டப் பகுதிகளுக்குள் செலவிடுவதற்குத் தடை இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினர்களே, அம்மக்களின் பாதையைச் செப்பனிட முடியாதவர்களாக இருந்தனர். 2018 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலமே அந்தத் தடை நீக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த அந்த இடைவெளியில், தோட்டப் பாதைகள் 1992 வரை அரச நிறுவனங்களின் பொறுப்பிலும் அதன் பின்னர் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பிலும் இருந்தன. கொழுந்து லொறி செல்லும் அளவுக்கு மட்டுமே பல பாதைகள் கவனிக்கப்பட்டன. தடை நீங்கிய பின்னரும் பிரதேச சபைகளிடம் அதற்கேற்ற நிதி இல்லை. சட்டம் திறந்து விட்ட கதவின் வழியே பணம் வந்து சேரவில்லை.

பஸ் செல்லாத பாதையில் முச்சக்கர வண்டி செல்கின்றது. நாட்டில் பதிவு செய்யப்பட்ட வாகனங்கள் எண்பது இலட்சத்துக்கு மேல். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். முச்சக்கர வண்டிகள் பதினொரு இலட்சத்துக்கும் அதிகம். காரின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றதால் நடுத்தர, வறிய மக்கள் இவ்விரண்டையும் நாடியதன் விளைவே இது. மேற்பிரிவில் வாழும் தொழிலாளிக்கு முச்சக்கர வண்டியே பஸ், அதுவே டாக்சி, நள்ளிரவில் அதுவே அம்புலன்ஸ். 2016 இல் இந்திய உதவியுடன் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் விரிவுபடுத்தப்பட்ட 1990 சுவசெரிய சேவை போற்றத்தக்கது. ஆயினும் அதன் வண்டி ஏற முடியாத பாதைகள் தோட்டங்களில் இன்னும் உள்ளன. பிரசவ வேதனையுற்ற பெண்ணை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு, பள்ளமும் கல்லுமான பாதையில் இறங்கி, பதுளை போதனா வைத்தியசாலைக்கு விரையும் நிலைமை மலையகத்துக்குப் புதியதன்று.

இங்கேதான் வாகன வரி, கார் வாங்க எண்ணியே பார்க்காதவரின் தலையிலும் வந்து விழுகின்றது. முச்சக்கர வண்டியின் விலை உயர்ந்தால் அதன் உரிமையாளருடைய லீசிங் தவணை உயர்கின்றது. உதிரிப்பாகமும் டயரும் விலையேறினால் கட்டணம் உயர்கின்றது. வெலிமடையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறிக்காரர், வாகனத்துக்குக் கொடுத்த விலையை ஏற்றுகூலியில் சேர்த்தே ஆக வேண்டும். ஊவாவின் முஸ்லிம் வர்த்தகர்களும் சிறு லொறி உரிமையாளர்களும் இந்தச் சுமையை நன்கறிவர். அவர்களது கடையில் அரிசியும் பருப்பும் வாங்கும் தொழிலாளியும் அதனை அறிவார். 2020 முதல் 2024 இறுதி வரை புதிய பஸ்களும் லொறிகளும் பெருமளவில் வராத காலத்தில், பெரும்பாலும் பழைய வண்டிகளே மலையேறி இறங்கின. அவற்றின் பழுதுபார்க்கும் செலவும், நடுவழியில் நின்று போனதால் இழந்த நேரமும் பயணிகளாலேயே செலுத்தப்பட்டன. ஆகவே 70 இலட்சம் ரூபாக் காருக்கான வரி கொழும்பு வாசியின் பிரச்சினை மட்டுமே என்று தோட்டத் தொழிலாளி ஒதுங்கி விட முடியாது.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆம் ஆண்டு ஆய்வு, தேசிய ரீதியில் 14.3 வீதமானோர் வறுமைக் கோட்டின் கீழ் வாழ்ந்ததாகவும், பெருந்தோட்டத்துறையில் இது 33.8 வீதம் எனவும் கூறுகின்றது. நகரக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் அவ்வாண்டில் 116,670 ரூபாவாக இருக்கையில், தோட்டக் குடும்பத்தின் வருமானம் 46,865 ரூபாவாக இருந்தது. இது பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இத்தகைய வருமானத்தில் ஒரு முறை வைத்தியசாலை சென்று வர முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் கூலி, அன்றைய நாட்சம்பளத்தை விழுங்கி விடுகின்றது. வேலைக்குச் செல்லாததால் இழக்கும் சம்பளம் வேறு. இலவச வைத்தியம் என்று நாம் பெருமையுடன் கூறும் சேவையின் வாயிலை அடைவதற்கே இரு நாள் சம்பளம் செலவாகின்றது.

இந்த நிலைமையை மாற்ற முடியாது என்று கூறுவோருக்கு நீலகிரியைச் சுட்டிக்காட்டலாம். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்கள் பல, நீலகிரி மாவட்டத்தில் குடியேறின. அவர்களுக்குத் தொழில் வழங்கும் பொருட்டு 1968 இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டமே பின்னர் டேன்டீ நிறுவனமாயிற்று. ஒரே லயனில் பிறந்த அண்ணன் அங்கும் தம்பி இங்கும் தேயிலைத் தோட்டத்திலேயே வாழ்ந்தனர். அங்கு சென்றோர் சொர்க்கத்தைக் காணவில்லை. டேன்டீ தொழிலாளரின் சம்பளப் பிரச்சினையும் வீட்டுப் பிரச்சினையும் பல தசாப்தங்களாகப் பேசப்பட்டு வருபவை. கார் வைத்திருப்போர் அவர்களிடையேயும் அரிது. ஆயினும் ஒரு விடயத்தில் வேறுபாடு உண்டு. 2021 இல் தமிழ்நாட்டு அரசு சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமின்றிப் பயணம் செய்யும் வசதியை ஏற்படுத்தியது. 2024 பெப்ரவரியில் அது நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தோட்டத்துப் பெண் ஒருவர் கையில் காசின்றி அரசு பஸ்ஸில் ஏறி ஊருக்குச் சென்று வர அது வழி செய்தது. இந்த வசதிக்குக் காரின் விலை குறைய வேண்டியிருக்கவில்லை.

இயற்கை அனர்த்தமும் நமக்கு இந்தப் பாடத்தையே புகட்டியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மண்சரிவினால் வீதிகள் துண்டிக்கப்பட்டன. மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. அத்தகைய வேளையில் வாசலில் கார் இருப்பவரும் இல்லாதவரும் ஒரே நிலைக்குத் தள்ளப்பட்டனர். பாதை இருந்தால்தான் வாகனம். பாதையும் பாலமும் வடிகாலும் தனியொருவர் விலை கொடுத்து வாங்கக் கூடியவை அல்ல. அவற்றை அரசாங்கமே அமைத்துத் தர முடியும்.

வாகன வரியை முற்றாக நீக்க வேண்டும் என்று நாம் கோரவில்லை. டொலர் கையிருப்பு மீண்டும் கரைந்தால் முதலில் அல்லற்படுவது மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நிற்கும் வறியவரே என்பதை 2022 நமக்குக் கற்பித்துள்ளது. சொகுசுக் கார்களுக்கு உயர்ந்த வரி விதிப்பதில் தவறில்லை. மக்கள் பிரதிநிதிகளுக்கு வழங்கப்பட்டு வந்த வரிச் சலுகை வாகன அனுமதிப்பத்திரங்கள் நிறுத்தப்படும் என்ற அரசாங்கத்தின் அறிவிப்பும் வரவேற்கத்தக்கதே. வரிச்சுமை எல்லோருக்கும் பொதுவானது என்ற நம்பிக்கையை மக்களுக்கு ஏற்படுத்த அத்தகைய நடவடிக்கைகள் உதவும்.

ஆனால் வரியைச் செலுத்துவோருக்கு ஒரு கைம்மாறு உண்டு. காரை எட்டாத உயரத்தில் வைக்கும் அரசாங்கம், அதனால் கிடைக்கும் வருமானத்தில் ஒரு நிலையான பங்கைப் பொதுப் போக்குவரத்துக்கும் கிராம, தோட்டப் பாதைகளுக்கும் ஒதுக்குவதாகச் சட்டபூர்வமாக உறுதியளிக்க வேண்டும். 2018 இல் நீக்கப்பட்ட தடை அர்த்தமுள்ளதாக வேண்டுமானால், தோட்டப் பாதைகளைப் பொறுப்பேற்கும் பிரதேச சபைகளுக்கு அதற்கெனத் தனி நிதி வழங்கப்பட வேண்டும். இலாபம் தராத கிராமப்புறத் தடங்களில் பஸ் ஓட்டுவதற்கான கெமி செரிய, மாணவருக்கான சிசு செரிய போன்ற மானியத் திட்டங்கள் ஏற்கனவே நடைமுறையில் உள்ளன. ஹாலிஎல, பசறை, லுணுகலை, நமுனுகுல போன்ற பகுதிகளின் தோட்டப் பிரிவுகளுக்கு அவற்றை விரிவுபடுத்துவதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பெரிய பஸ் ஏற முடியாத பாதையில் சிறிய பஸ் ஓட முடியும். தொழிலுக்காகப் பயன்படும் முச்சக்கர வண்டிக்கும் சிறிய லொறிக்கும் சொகுசுக் காரைப் போன்றன்றித் தனியான, குறைந்த வரி வீதம் விதிப்பதையும் நிதியமைச்சு ஆராய வேண்டும்.

மலையகத்தின் மக்கள் பிரதிநிதிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. நாட்சம்பளத்தை உயர்த்துவதற்கான போராட்டம் அவசியமானதே. 1000 ரூபாவுக்காக மலையகம் எத்தனை ஆண்டுகள் குரல் எழுப்பியது என்பதை நாடறியும். எனினும் கூடுதலாகக் கிடைக்கும் 200 ரூபாவை முச்சக்கர வண்டிக் கூலி ஒரே பயணத்தில் பறித்துக்கொள்ளுமாயின், சம்பள உயர்வின் பயன் தொழிலாளியின் கைக்கு வந்து சேராது. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் பஸ் சேவையும் பாதையும் இடம்பெற வேண்டும். ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு இரு முறை பஸ் வருவது, அங்கு வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைக்கும் சம்பள உயர்வுக்கு ஒப்பானதாகும்.

டுபாயில் உள்ள தம்பியும் கோவையில் உள்ள மைத்துனரும் கார் வாங்கியது குறித்து நாம் மகிழ்ச்சியடைவோம். அவர்களைப் போன்று எல்லோரும் கார் வாங்கும் காலம் இந்நாட்டில் விரைவில் வரப் போவதில்லை. நமது குறுகிய மலைப் பாதைகளும் டொலர் கையிருப்பும் அதனைத் தாங்கவும் மாட்டா. ஆனால் மேற்பிரிவில் காலை ஐந்து மணிக்குக் காய்ச்சலுடன் விழிக்கும் குழந்தை ஒன்றை, நாட்சம்பளத்தை இழக்காமலும் கடன் வாங்காமலும் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லத் தாய்க்கு முடிய வேண்டும். அதற்குத் தேவையானது நல்ல பாதையும், நேரத்துக்கு வரும் ஒரு பஸ்ஸுமே. 4000 நாள் உழைத்தாலும் காரை வாங்க முடியாதவருக்கு அதனையாவது கொடுப்பது, அந்த வரியை வாங்கிக்கொள்ளும் அரசாங்கத்தின் கடமையாகும்.